கரண்டு வச்சதுல கட்டி கரைஞ்சிருச்சு, இனி ஆபரேஷன் வேணுமா? (மலக்குடல் புற்று)

#1 வளவுக்காரி

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் இருக்கோம். அப்பச்சிக்கு (எங்க அப்பாவுக்கு) 59 வயசு. மலத்துல ரத்தம் போனதை மூலம்னு நெனச்சு ரொம்ப நாள் நாட்டு மருந்துதான் சாப்பிட்டாக. கடைசியில ஸ்கோப் போட்டப்ப மலக்குடல்ல கட்டி, ஆசனவாயிலேருந்து 4 செ.மீ. மேல. எம்.ஆர்.ஐ.ல டி3 என்1, அதாவது கட்டி குடல் சுவரோட தசையைத் தாண்டிருச்சு, பக்கத்து நெறிக்கட்டுலயும் இருக்கு. நுரையீரல், ஈரல் சுத்தம்.

மதுரையில தங்கி 28 நாள் கரண்டு (ரேடியேஷன்) வச்சோம், கூடவே கேப்பசிடபின்ங்கிற கீமோ மாத்திரை. அது முடிஞ்சு ஆக்சாலிபிளாட்டின் சேர்த்த கீமோ. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால செலவு தாங்குச்சு. இப்ப திரும்ப ஸ்கோப்பும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்திருக்கு. கட்டி இருந்த எடத்துல வெள்ளையா ஒரு தழும்பு மட்டும்தானாம்.

சந்தோஷப்படுறதா என்னன்னு தெரியல. சர்ஜன், "திட்டப்படி ஆபரேஷன் பண்ணிடணும், கட்டி ரொம்பக் கீழ இருந்ததால ஆசனவாயையும் சேர்த்து எடுக்கணும், மலம் போக வயித்துல நிரந்தரமா பை" என்கிறார். கரண்டு டாக்டரம்மா, "முழுசாப் போயிருந்தா எடுக்காம கண்காணிக்கலாம், யோசிங்க" என்கிறாங்க. வீட்ல ஆளுக்கு ஒன்னு சொல்றாக. அடுத்த தையில அப்பச்சிக்கு சாந்தி (அறுபதாம் கல்யாணம்), அதுக்குள்ள வெட்டி எறிஞ்சிட்டா நிம்மதிங்கிறது பெரியப்பச்சி. கத்தியே வேணாம்கிறது ஆத்தா. அண்ணன் சிங்கப்பூர்லேருந்து தினம் ஒரு கட்டுரை அனுப்புறாக, எனக்குப் படிச்சுப் படிச்சுத் தலை சுத்துது.

கண்ணுக்குத் தெரியலைன்னா நோய் இல்லைன்னு அர்த்தமா? ஆபரேஷன் பண்ணாம இருக்கிறவுக யாராச்சும் இங்க இருக்கீகளா?

#2 செக்காலை சேகர்

வெட்டிருங்க ஆச்சி. வேர் உள்ள இருக்கும். மேல கரைஞ்சதைப் பார்த்து ஏமாறாதீக. எங்க தெருவுல ஒருத்தருக்கு மார்புல இப்படித்தான் விட்டு, திரும்ப வந்துச்சு.

#3 கரண்டு ரூம் தம்பி

சேகரண்ணே, மார்புக் கட்டியும் மலக்குடல் கட்டியும் வேற வேற கதை. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

நான் ரேடியேஷன் டெக்னீஷியன். டாக்டர் இல்ல, ஆனா தினம் மெஷின்ல ஆளைப் படுக்க வைக்கிறவன். அக்கா கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்சது: கரண்டு வச்சு முடிச்ச அன்னிக்கே அதோட வேலை முடியிறதில்ல. அணுக்களோட டி.என்.ஏ.வுல அடி விழுந்திருக்கும், அதுக பிரியப் போறப்பதான் சாகும். அதனால கட்டி சுருங்குறது வாரக்கணக்கா நடக்கும். சீக்கிரமா ஸ்கோப் போட்டா புண்ணும் வீக்கமுமாத் தெரியும், அதை வச்சு ஒன்னும் சொல்ல முடியாது. சாதாரணமா 8லேருந்து 12 வாரம் விட்டுத்தான் பார்ப்பாங்க. நடுவுல கீமோ ஓடுனா இன்னும் தள்ளிப் போகும். உங்க வீட்ல கரண்டு முதல்ல, கீமோ அப்புறம்னு போனது இந்த விஷயத்துக்கு நல்ல வரிசைதான்.

எங்ககிட்ட வர்றவுக கேக்குற முதல் கேள்வியே "கரண்டு வச்சா ஷாக் அடிக்குமா தம்பி"ங்கிறதுதான். அடிக்காதுங்க. எக்ஸ்-ரே மாதிரி, ஒன்னும் தெரியாது.

#4 ஆத்தங்குடி சித்தன்

கட்டி கரைஞ்சது கரண்டால இல்ல, முன்னாடி சாப்பிட்ட நாட்டு மருந்தாலதான். எங்களிடம் 48 நாள் லேகியம் இருக்கிறது. இணைப்பு கீழே

#5 நெறியாளர்

மேலே இருந்த விற்பனை இணைப்பு நீக்கப்பட்டது. அந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கட்டி வளர்ந்திருக்கிறது என்பதை அன்பர் முதல் பதிவில் படித்திருக்கலாம். மருந்துப் பெயரும் விலையும் இந்த இழையில் வேண்டாம்.

#6 கோட்டையூர்க் கத்தி

சொந்த ஊர் கோட்டையூர், இப்போது சென்னையில் குடல் அறுவை செய்கிறேன். உங்கள் அப்பச்சியை நான் தொட்டுப் பார்த்ததில்லை, எனவே வெட்டுங்கள் என்றோ விடுங்கள் என்றோ சொல்ல மாட்டேன். இரண்டு மருத்துவர்களும் ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் விளக்குகிறேன். இருவருமே பொய் சொல்லவில்லை.

கரண்டும் கீமோவும் முடித்து மலக்குடலை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், சிலருக்கு அதில் ஒரு புற்றணுகூட இருப்பதில்லை. பல ஆண்டுகளாக எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த விஷயம்தான் இது. "நோய் இல்லாத குடலை ஏன் எடுத்தோம்?" என்று உரக்கக் கேட்டவர் பிரேசிலின் சாவோ பாவ்லோவைச் சேர்ந்த ஆஞ்செலிட்டா ஹபர்-காமா என்ற அறுவை மருத்துவர். 1990களின் தொடக்கத்திலிருந்தே, முழுதாகக் கரைந்தவர்களை அவர் வெட்டாமல் கண்காணித்து வந்தார். 2004இல் அவர் வெளியிட்ட கணக்கில் சிகிச்சை பெற்ற 265 பேரில் 71 பேர் அப்படி விடப்பட்டவர்கள். எங்கள் துறை அதை உடனே ஏற்கவில்லை. ஒரே மருத்துவமனையின் கணக்கு, பொறுக்கியெடுத்த நோயாளிகள் என்று தள்ளி வைத்தார்கள்.

பிறகு பல நாட்டு மருத்துவமனைகள் கணக்கை ஒரே ஏட்டில் சேர்த்தன. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: 15 நாடுகள், கட்டி முழுதாகக் கரைந்து கண்காணிக்கப்பட்ட 880 பேர். 2 ஆண்டுக்குள் அதே இடத்தில் மறுபடி முளைத்தது 25 சதவீதம் பேருக்கு. முளைத்தவற்றில் 88 சதவீதம் முதல் 2 ஆண்டுக்குள்ளேயே வந்துவிட்டன, 97 சதவீதம் குடல் சுவரில், அதாவது விரலுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டும் இடத்தில். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி எண். முளைத்தாலும் ஒளிந்துகொண்டு முளைப்பதில்லை, தேடிப் போனால் கிடைக்கும்.

அமெரிக்காவில் ஓப்ரா என்ற ஆய்வு, 324 பேர். ஒரு பிரிவுக்குக் கீமோ முதலில், கரண்டு பின்னால். மற்றொன்றுக்குக் கரண்டு முதலில், கீமோ பின்னால். இரண்டாம் பிரிவில் 5 ஆண்டு கழித்தும் மலக்குடலை இழக்காமல் இருந்தவர்கள் 54 சதவீதம். முதல் பிரிவில் 39. உங்கள் அப்பச்சி இரண்டாவது வரிசையில் போயிருக்கிறார். நோயின்றி வாழ்ந்த காலத்தில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. முளைத்த பிறகு வெட்டியவர்களும், முதலிலேயே கரையாததால் உடனே வெட்டியவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருந்தார்கள்.

இனி உங்கள் சர்ஜன் பக்கம். நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2019இல் தன் கணக்கை வெளியிட்டது. கண்காணித்த 113 பேரில் 22 பேருக்கு முளைத்தது. அந்த 22 பேரில் 36 சதவீதத்தினருக்கு நோய் வேறு உறுப்புகளுக்கும் போயிருந்தது, முளைக்காதவர்களில் அது 1 சதவீதம். முளைத்ததால் பரவியதா, இயல்பிலேயே பரவும் குணமுள்ள கட்டிதான் முளைத்ததா என்பதில் இன்றும் எங்களுக்குள் சண்டை. அந்த 36ஐ மனதில் வைத்துக்கொண்டு ஒருவர் "எடுத்துவிடலாம்" என்றால் அவர் பழம்பஞ்சாங்கம் அல்ல.

எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியது அறுவையின் விலை. 4 செ.மீ. கட்டிக்கு ஆசனவாயோடு எடுத்தால் பை ஆயுளுக்கும். சிறுநீர் கழிப்பதற்கும் தாம்பத்தியத்துக்குமான நரம்புகள் அந்த இடத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு அடி படும். கட்டி மேலே இருந்து, குடலைச் சுலபமாக இணைத்துவிடக்கூடிய ஆளுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும்.

ஒன்று கேளுங்கள்: "கரைந்துவிட்டது" என்று எதை வைத்துச் சொன்னார்கள்? எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது, ஸ்கோப் மட்டும் போதாது. விரல் வைத்துப் பார்த்தார்களா? மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். தழும்பிலிருந்து ஒரு துண்டு கிள்ளிச் சோதித்து "இல்லை" என்று வந்தாலும் அதை நம்பி உட்கார முடியாது. மிச்சமிருக்கும் அணுக்கள் சுவரின் ஆழத்தில் இருக்கலாம், கிள்ளியது மேல்தோலாக இருக்கலாம்.

#7 காவடிக்காரன்

நான் வெட்டாம இருக்கிற ஆளு. மூணாவது வருஷம் ஓடுது. புதுவயல் பக்கம்.

டாக்டர் கணக்குச் சொல்லிட்டாக, நான் பொழப்பைச் சொல்றேன். கண்காணிப்புன்னா வீட்ல சும்மா இருக்கிறதுன்னு நெனச்சுராதீக. முதல் ரெண்டு வருஷம் மூணு மாசத்துக்கொரு தடவை ஸ்கோப், விரல் சோதனை, சி.இ.ஏ. ரத்தம் (புற்று திரும்புனா ஏறக்கூடிய நம்பர்). ஆறு மாசத்துக்கொரு தடவை எம்.ஆர்.ஐ. நெஞ்சுக்கும் வயித்துக்கும் சி.டி. தனியா. ரெண்டு வருஷம் தாண்டுனா தவணை கொஞ்சம் தளரும், அஞ்சு வருஷம் வரைக்கும் விட மாட்டாக. விடியக்காலைப் பல்லவன்ல ஏறி உக்காந்தா செங்கல்பட்டு வர்றவரைக்கும் வாய் பேசாம வருவேன். வீட்டுக்காரி ஆரம்பத்துல திட்டுவா, இப்ப பழகிட்டா. ரிப்போர்ட் கைக்கு வந்ததும்தான் பசிக்கும்.

சி.இ.ஏ. ஒரு தடவை கூட வந்துச்சு, உசுரே போயிருச்சு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, பீடி குடிக்கிறீங்களா? புகை பிடிச்சா அந்த நம்பர் தானா கொஞ்சம் ஏறுமாம். விட்டேன். அடுத்ததுல இறங்கிருச்சு.

குடல் இருக்குன்னா பழைய குடல்னு நெனைக்காதீக. கரண்டு பட்ட குடல். வந்துச்சுன்னா நிக்காது, ஓடணும். எங்க வீடு பழைய வீடு. முகப்புல உக்காந்திருக்கிறவன் வளவு தாண்டி, ரெண்டாங்கட்டு தாண்டி, கொல்லைக்குப் போறதுக்குள்ள காரியம் முடிஞ்சிரும். முகப்பு அறையை ஒட்டி ஒரு மேற்கத்திய கழிப்பறை கட்டுனோம். வீட்டை இடிக்கிறதான்னு பங்காளிக சத்தம் போட்டாக. நீங்க வந்து துணியைத் துவைச்சுக் குடுங்கன்னேன், அடங்கிட்டாக. ஆச்சி, எந்த முடிவு எடுத்தாலும் கழிப்பறையைக் கிட்டக்க வையுங்க.

இன்னொன்னு, ஆக்சாலிபிளாட்டின் போட்டவுக பிரிட்ஜைத் தொடக் கூடாது. கை விரல் சுரீர்ங்கும், ஜில் தண்ணி தொண்டையில இறங்காது. அந்த மரமரப்பு கால்ல எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. தைப்பூசத்துக்குக் காவடியோட பழனிக்கு நடக்கிறவன் நான். இப்பவும் போறேன், முழுசா இல்ல, முடிஞ்ச தூரம் நடந்து மிச்சத்தை வண்டியில.

#8 தேவகோட்டை மருமகன்

மாமனாருக்கும் இதேதான். ஆபரேஷன் இல்லாம விட்டாங்க. முதல் வருஷம் ஒவ்வொரு தவணையும் சுத்தம், சுத்தம்னு வந்துச்சு. அதுதான் வினை. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஒவ்வொரு தடவையும் பின்னாடி கை விடுறாய்ங்க"ன்னு போறதை நிறுத்திட்டார். பேத்தி கல்யாணம், அப்புறம் நெல் அறுப்புன்னு தவணை தவறிக்கிட்டே போச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்தா ஊர்ல இல்லைன்னு சொல்லச் சொல்வார். ரத்தம் போக ஆரம்பிச்ச பிறகுதான் கூட்டிட்டுப் போனோம். பழைய இடத்துல முளைச்சு, ஈரல்லயும் ரெண்டு புள்ளி. இப்ப ஆபரேஷனும் ஆச்சு, பையும் வந்துச்சு, கீமோவும் ஓடுது.

இதை எழுதுறது பயமுறுத்த இல்ல. உங்க அப்பச்சி தவணைக்கு வர்ற ஆளா? அதை மட்டும் யோசிங்க.

#9 செக்காலை சேகர்

இதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்.

#10 கரண்டு ரூம் தம்பி

நீங்க சொன்னது வேறண்ணே. நீங்க எல்லாரையும் வெட்டச் சொன்னீங்க. மருமகன் தவணையைத் தவற விடாதீங்கங்கிறார்.

#11 ஓய்வு டீச்சர்

எனக்கு நிரந்தரப் பை. இடது பக்கம். ஆபரேஷன் ஆனப்ப வேலையில் இருந்தேன், அதன் பிறகும் பல வருஷம் வகுப்பெடுத்துத்தான் ஓய்வு பெற்றேன்.

இந்த இழையில் எல்லாரும் "பை" என்ற சொல்லை ஏதோ ஜப்தி நோட்டீஸ் மாதிரி எழுதுகிறீர்கள். புடவைக் கொசுவத்தை ஒரு விரற்கடை மேலே கட்டுகிறேன், அவ்வளவுதான் வெளியே தெரிவது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். காலையில் ஒரு தரம் தண்ணீர் ஏற்றிக் குடலைக் கழுவிவிட்டால் அன்று முழுக்கப் பெரும்பாலும் தொந்தரவில்லை. பை வைத்தவர்களுக்கென்றே இருக்கும் ஸ்டோமா நர்ஸ் கற்றுக் கொடுத்தார். ஆரம்பத்தில் தோல் புண்ணாகும், பை கழன்றுகொள்ளும், அழுகை வரும். அதெல்லாம் உண்மை. பைக்கு மாதாமாதம் காசு வேண்டும், அதுவும் உண்மை.

கண்காணிப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்குக் கட்டி கரையவில்லை, அதனால் அந்த வாய்ப்பே வரவில்லை. கரைந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் பைக்குப் பயந்து மட்டும் கண்காணிப்புக்குப் போகிறவர், நாளை முளைத்துவிட்டது என்று சொல்லும்போதும் அதே பயத்தில் "இன்னும் ஒரு மாசம் பார்ப்போமே" என்பார். அந்த ஒரு மாசம்தான் ஆபத்து. முடிவெடுக்கும் முன் அப்பச்சியை ஒரு ஸ்டோமா நர்ஸிடம் கூட்டிப் போய்ப் பையைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

#12 வளவுக்காரி

எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா சொன்னதைப் படிச்சப்ப ஒன்னு உறைச்சுச்சு. இங்க எழுதாம விட்ட விஷயம் ஒன்னு இருக்கு.

அப்பச்சிக்கு இது புற்றுன்னு தெரியாது. உள்மூலம் முத்திப் புண்ணாயிருச்சு, அதுக்கு வைத்தியம்னுதான் சொல்லியிருக்கோம். டாக்டர்ககிட்டயும் முன்கூட்டியே சொல்லி வச்சிட்டோம். ஆத்தாவுக்கும் முழுசாத் தெரியாது. சாந்தி நல்லபடியா நடக்கட்டும், அதுவரைக்கும் வாய் திறக்கக் கூடாதுன்னு பெரியப்பச்சி உத்தரவு.

#13 செக்காலை சேகர்

சொல்லாதீக. ஆளு இடிஞ்சிருவாக. எங்க அய்யாவுக்குக் கடைசி வரைக்கும் சொல்லல.

#14 கோட்டையூர்க் கத்தி

சேகர், உங்கள் அய்யாவின் நிலை வேறாக இருந்திருக்கலாம், அதில் நான் தலையிடவில்லை. இந்த வைத்தியத்துக்கு மட்டும் அது ஒத்துவராது.

காரணம் தத்துவம் இல்லை, நடைமுறை. உள்மூலம் என்று நம்பும் ஒருவர், புண் ஆறிய பிறகு மூன்று மாதத்துக்கொரு முறை ஏன் மதுரைக்கோ சென்னைக்கோ வர வேண்டும்? மருமகன் எழுதியிருப்பது அதுதானே. அதைவிட மோசம், நாளைக்கே ரத்தம் கண்டால் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். போன தடவை மூலத்துக்குச் சாப்பிட்ட அதே மருந்தை எடுத்துச் சாப்பிடுவார். நீங்களாகவே அவருக்குச் சொல்லிக் கொடுத்த நோய் அதுதான்.

வெட்டியெடுப்பதென்றாலும் பை வைக்கப்போவதை மறைக்க முடியாது. மயக்கம் தெளிந்து எழுபவர் தன் வயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்வது கொடுமை. எந்த வழியில் போனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கையெழுத்து அவருடையது.

#15 கரண்டு ரூம் தம்பி

எங்க டிபார்ட்மெண்ட் வாசல்லயே பெரிய எழுத்துல பேரு இருக்கு. வர்றவுக படிக்கத் தெரிஞ்சவுக. "வீட்ல சொல்லிராதீங்க தம்பி, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக"ன்னு மெஷின்ல படுத்துக்கிட்டே சொன்ன பெரியவுக உண்டு. எல்லாரும் அப்படி இல்ல, நெசமாவே தெரியாம வந்து போறவுகளும் இருக்காக. உங்க அப்பச்சி எந்தப் பக்கம்னு கேட்டாத்தான் தெரியும்.

#16 காவடிக்காரன்

எனக்கு டாக்டரே நேரா சொன்னாக. மகனை வெளிய நிக்க வச்சுட்டு. அன்னிக்கு மகன் மேலதான் கோவம் வந்துச்சு, டாக்டர் மேல இல்ல. ஆனா சொன்னதுக்கப்புறம்தான் நான் கேள்வி கேக்க ஆரம்பிச்சேன். அதுவரைக்கும் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தேன். வீட்டு ஆளுக சுத்தி நின்னு சொல்லாதீக ஆச்சி. டாக்டர் சொல்லட்டும், நீங்க பக்கத்துல இருங்க.

#17 வளவுக்காரி

எழுத நாளாயிருச்சு, மன்னிக்கணும்.

கரண்டு டாக்டரம்மாகிட்ட போனோம். அவுகளே சொன்னாக. அப்பச்சிக்குத் தெரியாதுதான். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணனுக்குத் தெரியுமா?" பெரியப்பச்சியைத்தான் கேட்டாக. தெரியும்னேன். வீட்டுக்கு வந்து பெரியப்பச்சிகூட ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்ல. "என் உடம்பைப் பத்தி உங்களுக்கு முன்னாடி தெரியிறது, எனக்குப் பின்னாடி தெரியிறது, நான் என்ன மைனரா?"ன்னு கேட்டாக. ஆத்தாதான் நடுவுல கெடந்து தவிச்சாக. இடிஞ்சு போவாகன்னு பயந்தோம், கோவத்துலதான் இருந்தாக. அதைச் சமாளிக்கலாம்.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். இங்க டாக்டர் எழுதியிருந்த கணக்கை வாசிச்சுக் காட்டுனேன். இரும்புக் கடையில உக்காந்த மனுஷர், நூத்துக்கு இருபத்தஞ்சு முளைக்குதுன்னா எந்த இருபத்தஞ்சுன்னு முன்னாடியே சொல்ல முடியுமான்னு கேட்டாக. முளைச்சா அதே ஆபரேஷன் அப்பவும் பண்ண முடியுமா, இல்ல கைமீறிப் போயிருமா? டாக்டரம்மா, தவணை தவறாம வந்தா பெரும்பாலும் பண்ண முடியும், உறுதி தர முடியாதுன்னு சொன்னாக. அப்ப எனக்கு வெட்டே போடுங்க, சந்தேகத்தோட தூங்க மாட்டேன்னு ஒரு நாள். மறுநாள் ஸ்டோமா நர்ஸைப் பார்த்துட்டு வந்து, கொஞ்சம் பொறுப்போம்னு.

நடுவுல இன்னொரு சர்ஜன்கிட்ட காட்டுனோம். விரல் வச்சுப் பார்த்துட்டு, தழும்போட ஓரத்துல லேசா ஒரு மேடு தட்டுப்படுதுன்னார். எம்.ஆர்.ஐ.ல தெரியல, ஸ்கோப்ல தெரியல, விரலுக்குத் தெரியுது. இதை முழுசாக் கரைஞ்சதுன்னு சொல்ல முடியாது, கிட்டத்தட்டக் கரைஞ்சதுன்னுதான் சொல்லணும், 8 வாரம் கழிச்சுத் திரும்ப மூணு சோதனையும் செஞ்சு முடிவெடுப்போம்னார். அவசரமா வெட்டச் சொன்ன முதல் சர்ஜனும் இதுக்கு ஒத்துக்கிட்டார். ட்யூமர் போர்டுல எல்லா டாக்டரும் சேர்ந்து உக்காந்து பேசியிருக்காக.

அப்பச்சி போட்ட நிபந்தனை: அந்த மேடு கரையலைன்னா ஆபரேஷன், அதுக்கு மேல வீட்ல யாரும் கூடிப் பேசக் கூடாது. சாந்தி நடந்தாலும் நடக்கட்டும், தள்ளிப் போனாலும் போகட்டும்னுட்டாக.

#18 தேவகோட்டை மருமகன்

எட்டு வாரத் தேதியை இன்னிக்கே குறிச்சு வாங்கிருங்க. அப்புறம் பார்த்துக்கலாம்னு வராதீங்க.

#19 கோட்டையூர்க் கத்தி

"கிட்டத்தட்ட" என்ற நிலை எங்களுக்கு அடிக்கடி வருவதுதான். அவர்களில் கணிசமானோருக்கு இன்னும் சில வாரம் விட்டால் முழுதாகவே கரைந்துவிடுகிறது. சிலருக்குக் கரையாது. எட்டு வாரம் என்பது நியாயமான தவணை. அந்த விரல் யாருடையதோ, அடுத்த முறையும் முடிந்தவரை அதே விரலாக இருக்கட்டும். போன தடவை எப்படி இருந்தது என்பது கைக்கு நினைவிருக்கும், ரிப்போர்ட்டில் எழுத வராது.

வேறொன்று. முதல் பயாப்சி ரிப்போர்ட்டில் எம்.எம்.ஆர். சோதனை செய்திருக்கிறார்களா?

#20 வளவுக்காரி

ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துட்டேன், அப்படி ஒன்னும் இல்ல. அது எதுக்கு? அப்புறம் அண்ணன் ஒரு கேள்வி கேக்கச் சொன்னாக: எங்களுக்கும் வருமா? அண்ணனுக்கு 34, எனக்கு 31.

#21 கோட்டையூர்க் கத்தி

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

டி.என்.ஏ. படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் உண்டு. எம்.எம்.ஆர். சோதனை அவை கட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. மலக்குடல் புற்று உள்ள நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அவை இருக்காது. அவர்களுக்குக் கரண்டே வேண்டாம், கீமோவும் வேண்டாம் என்ற நிலை வந்துகொண்டிருக்கிறது. 2022இல் நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை அத்தகைய 12 பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேருக்கும் கட்டி கரைந்தது, ஒருவருக்கும் அறுவை தேவைப்படவில்லை. செய்தித்தாள்களில் "புற்றுக்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று வந்தது இதுதான். எல்லாருக்குமான மருந்து இல்லை, அந்த ஐந்து, பத்துப் பேருக்கானது. விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. இருந்தாலும் நாளை அப்பச்சிக்கு முளைத்தால், கையில் இந்தத் தகவல் இருப்பது வேறு வழி உண்டா என்று யோசிக்க உதவும். புதிதாகக் கிள்ள வேண்டியதில்லை. முதல் பயாப்சியின் மெழுகுக் கட்டியை லேபில் வைத்திருப்பார்கள், அதிலேயே செய்யலாம். ப்ளாக் என்று கேட்டால் தருவார்கள்.

அந்தப் புரதம் இல்லை என்று வந்தால், அது பரம்பரையாக வந்து குடல் புற்று வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் நோய்க்கூறாகவும் இருக்கலாம். அப்போது நீங்களும் அண்ணனும் மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும், கொலனோஸ்கோப்பி இப்போதே தொடங்க வேண்டியிருக்கலாம். புரதம் சரியாக இருக்கிறது என்று வந்தால் அவ்வளவு அவசரமில்லை. பெற்றோரில் ஒருவருக்கு 60க்கு முன் வந்திருப்பதால் இருவரும் 40 வயதில் முதல் கொலனோஸ்கோப்பி, அதன் பிறகு 5 ஆண்டுக்கொரு முறை. அதற்கு முன் ரத்தம் போனால் வயதைப் பார்க்காமல் போய்க் காட்டுங்கள், மூலம் என்று யார் சொன்னாலும்.

#22 வளவுக்காரி

லேபுக்குப் போன் பண்ணிட்டேன். ப்ளாக் இருக்காம், ஆஸ்பத்திரிச் சீட்டோட அப்பச்சி கையெழுத்தும் வேணுமாம். திங்கக்கிழமை அவுகளே நேர்ல போய் வாங்கிக்கிறேன்கிறாக.